கூரை வேய்ந்த பாலம்



பழநி மலையின் மேற்புறத்தே, கொடைக்கானலுக்கு அப்பால் அமைந்த சிற்றூர் கூக்கால். சோலைக்காடும் ஏரியும் சூழ்ந்த அவ்வூரில், சரிவை வெட்டிப் படிப்படியாகச் சமன்செய்த வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. அவ்வயல்களின் கரைகளைச் சில மழைக்காலம் கவனியாது விட்டால் மண் ஓடையோடு போய்விடும். ஆண்டுதோறும் கை படுவதனாலேயே அவை நிற்கின்றன. மலைநாட்டுப் பழம்பொருள்கள் பலவற்றுக்கும் இதுவே விதி. இதற்குச் சிறந்ததொரு சான்று, மலையகத் தமிழர் வாழும் இலங்கையின் ஊவா மாகாணத்தில் உள்ளது.

பதுளைக்கு அருகே, போகொட என்னும் சிற்றூரில், கல்லந்த ஓயாவின் மேல் ஒரு மரப்பாலம் நிற்கிறது. ஏறத்தாழ 50 அடி நீளம், 6 அடி அகலம், மேலே ஓட்டுக்கூரை, பக்கத்தில் பௌத்த விகாரை. பதுளையிலிருந்து கண்டிக்குச் சென்ற பழைய நடைவழியில் அமைந்த இதனை 16ஆம் நூற்றாண்டினது என்பர். பாரம் தாங்கும் இடங்களில் மருதும் பலாவும் பயன்பட்டுள்ளன. மருது ஆற்றங்கரையில் வளர்வது. ஈரத்துக்கு எளிதில் அழியாதது.

கூரை, வழிப்போக்கர் நனையாதிருக்க மட்டும் அன்று. மழைநீர் தங்கும் மூட்டுவாய்களில்தான் மரம் முதலில் உளுத்துப்போகிறது. உடைந்த ஓட்டை ஒருநாளில் மாற்றலாம். உத்தரம் உளுத்தால் பாலமே போயிற்று. எளிதில் மாற்றத்தக்க ஒன்றைக் கொண்டு, மாற்றுதற்கு அரிய ஒன்றைக் காத்தனர் அக்காலத் தச்சர்.

அதே மாவட்டத்தில், தெமோதரைக்கு அருகே, கல்லாலும் செங்கல்லாலும் சிமெண்டாலும் ஆன ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிந்தது. 1924இல் ரயில் பதுளையை எட்டியது. போக்குவரத்து வேறு வழிகளைப் பற்றிக்கொண்டது. நடப்பவர் குறைந்த பாலத்தில் ஓடு நழுவினால் உடனே காண்பவர் யார்? பழமைக்கு வரும் கேடு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கூரைப்பாலத்தின் பெரும்பகுதி 1993 ஆகஸ்டில் எரிந்தது. அடுத்த ஏப்ரலிலேயே அது மீண்டும் திறக்கப்பட்டது. மரம் புதிது, வடிவம் பழையது. செய்முறை அறிந்த கைகள் இருந்தமையால் அது இயன்றது. அக்கைகள் இல்லாத ஊரில், எரிந்தது எரிந்ததுதான்.

ஆகவே காக்க வேண்டியது மரத்தை மட்டும் அன்று. தச்சரின் அறிவையும், அதனைச் சுமக்கும் சொற்களையும் ஆகும். உத்தரம், கைமரம், ஆப்பு, மூட்டுவாய் என்பவை அகராதிக்குள் மட்டும் வாழும் நாள் வரலாகாது. பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம், மலையூர்த் தச்சரிடமும் உழவரிடமும் சென்று அச்சொற்களைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அதுவும் ஓர் ஓடு மாற்றும் பணியே.