அப்பாவுக்கு ஒரு தோடர் சால்வை

எங்கள் ஊர் பாகாயத்தில் ஆண்களுக்குப் பரிசு என்றால் ஆம்பூர் தோல் பெல்ட், பர்ஸ் என்றுதான் கை போகும். மார்கழிப் பனியில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் அப்பாவுக்கு இந்த முறை நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்கள் பூவேலை செய்த சால்வை வாங்கிக் கொடுங்களேன். ‘பூத்துக்குளி’ எனப்படும் அவர்களுடைய சால்வையை ஆண், பெண் இருவருமே போர்த்துகிறார்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாய்க் கோலம். துணியில் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை; இழைகளை எண்ணி எண்ணியே ஊசி ஓட்டுகிறார்கள். என்ன பொறுமை! 2013-இல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தடவிப் பாருங்கள், நூல் புடைத்து நிற்கும். ஊட்டிக்குப் போனால் அந்தப் பெண்களிடமே நேரில் வாங்குங்கள். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.