சுவரறிந்து வர்ணம் பூசுதல்



தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது யாழ்ப்பாணத்தவரின் நெடுநாள் வழக்கம். இன்று சுண்ணாம்பின் இடத்தை எமல்ஷன் என்னும் வர்ணமும், தும்புத் தூரிகையின் இடத்தை உருளையும் பெரிதும் பிடித்துவிட்டன. பொருள் மாறியும் பூசும் காலம் மாறவில்லை. இடர் அங்கேதான் பிறக்கிறது.

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே குடாநாட்டின் பெருமழை. அது ஓயும் வேளையிலே தை பிறக்கிறது. ஆகவே, பொங்கலுக்கு முந்திய நாட்களில் நம் சுவர்கள் ஈரம் மிகுந்திருக்கின்றன. அத்தகைய சுவரில் நம் முன்னோர் அடித்த வெள்ளை உரியாது நின்றது எவ்வாறு?

குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. அக்கல்லைச் சூளையிற் சுட்டு, நீர்விட்டு நீற்றிப் பெறுவதே சுண்ணாம்பு. சுவரிற் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது. அதற்குச் சிறிது ஈரமும் வேண்டும். இறுகிய பின்னரும் அதன் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறும். எமல்ஷனோ சுவர்மேல் ஒரு படலமாகப் படிகிறது. வெளியேற வழி குறைந்த ஈரம் உப்பையுஞ் சுமந்து வந்து படலத்தைத் தள்ளுகிறது. சுவர் கொப்புளித்து உரிகிறது.

எனவே தூரிகையை எடுக்குமுன் சுவரை அறிதல் வேண்டும். காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டு சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட வீடுகள் பலவற்றில் சுண்ணாம்புச் சாந்தே உண்டு. கத்தி முனையாற் கீறிப் பாருங்கள். மென்மையாக வெண்பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. கடினமாகச் சாம்பல் நிறங் காட்டினால் சீமெந்து. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது. அதனைத் துணியில் வடித்துப் பால்போற் கரைத்து, சுவரை இலேசாக நனைத்து, மெல்லிதாக மூன்று முறை பூசுக. ஈரத்திலே மங்கலாகத் தோன்றினும் காய்ந்தபின் வெண்மை தெளியும். கண்ணிற் படாதவாறு காத்துக்கொள்க.

வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தோர் பல்லாண்டுகளின் பின் மீண்டபோது, கூரையிழந்து மழையில் நனைந்து நின்ற சுவர்களைக் கண்டனர். இத்தகைய வீட்டிற்குக் கடன்பட்டு வாங்கிய வர்ணம் ஓராண்டில் உரியுமாயின், அக்குடும்பத்தின் துயர் சொல்லுந்தரமன்று. அவ்விடத்துப் பொறுமையே முதற்பூச்சு. ஒரு சாண் அளவு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி ஒருநாள் விடுக. உட்புறம் நீர் துளிர்த்தால் சுவர் இன்னுங் காயவில்லை. பூத்த உப்பை நீராற் கழுவாது, உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுக்க. பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாமாதலின், அதனை நனைத்தே சுரண்டுக. சிறுவரை அப்பால் நிறுத்துக.

சுவர் காய்ந்தபின் வேலை எளிது. வெடிப்புகளை அடைத்து, அரத்தாளால் தேய்த்து, தூசி போக்கி, அடிப்பூச்சு இடுக. மேற்தட்டை முதலில் முடித்துப் பின் சுவருக்கு வருக. தூரிகையின் மயிரில் மூன்றிலொரு பங்கை மட்டும் வர்ணத்தில் தோய்த்து, மூலைகளையும் விளிம்புகளையும் நான்கு விரலகலம் பூசுக. அவ்விளிம்பு காயுமுன் உருளையைத் தொடங்குக.

1940ஆம் ஆண்டளவில் கனடாவின் ரொறன்ரோ நகரத்தவர் ஒருவர் ஆக்கியதாகக் கூறப்படும் இவ்வுருளை விரைவைத் தரும். ஆயின் அழுத்தினால் கோடு விழும். தட்டில் உருட்டி மிகுதியை வடித்து, சுவரிற் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, இறுதியில் மேலிருந்து கீழாக ஒரே திசையில் மெல்ல இழுக்க. ஒரு சுவரைத் தொடங்கினால் முடித்தபின்னரே ஓய்க. முதற்பூச்சு நன்கு உலர்ந்தபின் இரண்டாவது.

பொங்கலுக்குச் சுண்ணாம்புச் சுவரை வெள்ளையடியுங்கள். சீமெந்துச் சுவரைத் தூசி தட்டித் தூய்மை செய்யுங்கள். வர்ணத்தை மாசி, பங்குனி வெயில் காயும்வரை வைத்திருங்கள். சித்திரைப் புத்தாண்டும் நமக்குரிய திருநாளே. அன்று பூத்த சுவர் அடுத்த மழையையும் தாங்கி நிற்கும்.