சுவருக்கும் மூச்சுவிட வழி வேண்டும்

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் அடிச்சுவரைத் தடவிப் பாருங்கள். பல வீடுகளில் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். சாயம் உதிர்கிறது என்று எண்ணி, துடைத்துவிட்டு மறுபடியும் சாயம் பூசுபவர்கள் பலர். அது பெரும்பாலும் உப்பு.

மண்ணில் உள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். கரைந்த உப்பும் அதனோடு ஏறும். நீர் ஆவியானதும் உப்பு படிகமாக வளர்ந்து, கல்லை உள்ளிருந்தே நெட்டித் தள்ளும். கடல் சூழ்ந்த பினாங்கில் இதற்குப் பஞ்சமில்லை.

அன்றைய கொத்தனார்கள் இதற்குச் சுண்ணாம்புக் காரையைப் பூசினார்கள். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் கரிவாயு வெளியேறும். நீர் ஊற்றி நீற்றிப் பூசிய பிறகு, காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல உறிஞ்சி அது மீண்டும் கல்லாகிறது. நுண்துளைகள் உள்ள காரை என்பதால் ஈரம் வெளியேறிவிடும். உப்பும் காரையிலேயே தங்கும். காரை உதிர்ந்தாலும் செங்கல் பிழைக்கும். பழுதுபார்க்கிறோம் என்று அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் உயரே ஏறும். பளபளப்பான சுவருக்குப் பின்னால் செங்கல் பொடியாகிக்கொண்டிருக்கும்.

இந்தக் கைத்தொழிலில் இந்தியர்களுக்கும் பங்குண்டு. 1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து பூசினார்கள். ஆங்கிலேயர் அதைச் 'சுனாம்' என்றே எழுதினார்கள். நம் சுண்ணாம்புதான் அது! சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரையும் என்பதை இரசாயனம் பின்னால் விளக்கியது.

சிமெண்டைப் பழிப்பதற்கில்லை, புதிய கட்டடங்களுக்கு அது தேவை. செம்பனை ஆலைச் சாம்பலை அதனுடன் சேர்த்து, சிமெண்டின் அளவைக் குறைக்கும் ஆய்வுகள் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நடந்துள்ளன. சாம்பலிலுள்ள சிலிக்கா, சிமெண்டில் விளையும் சுண்ணாம்புடன் கூடிப் பிணைப்பாக மாறுகிறது.

2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. அங்கே பழைய வீடு வைத்திருப்பவர்கள் முதலில் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, கால்வாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகே சிமெண்டைச் செதுக்கி, சுவரைக் காயவிட்டு, உப்பை அகற்றி, சுண்ணாம்பு பூசுவது. அவசரம் கூடாது, காய்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். மேலே அடிக்கும் சாயமும் ஈரத்தை வெளியே விடுவதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கலந்த சாயம் அடித்தால் செய்த செலவெல்லாம் வீண்.