காய்ச்சல் போச்சு, வலி போகல

(திருவாதவூரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வன்கொடுமை பற்றிப் பேசுவீங்கன்னு வந்தோம், காய்ச்சலைப் பற்றிப் பேசுறீங்களேன்னு சிலர் நினைக்கலாம். 1997ல் மேலவளவுப் படுகொலை நடந்த இந்த மேலூர் வட்டாரத்தில் அப்படி நினைப்பது நியாயம்தான். ஆனால் வெட்டுப்பட்ட உடம்பு மட்டும் அரசியல் இல்லை. வலியோடு வேலைக்குப் போய்த் திரும்பும் உடம்பும் அரசியல்தான்.

2006ல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா பரவியது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு பரப்புகிற வைரஸ் அது. 1952ல், இன்றைய தான்சானியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். மக்கொண்டே மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு ‘வளைந்து போவது’ என்று பொருள். நம்ம காதில் ‘குனியா’ என்று விழுகிறது. அதுவும் சரிதான், குனிய முடியல. நடவுக்கும் களைக்கும் கருதறுப்புக்கும் குனிந்தால்தான் கூலி என்றிருக்கிற சனம் குனிய முடியாமல் போனால் எதைத் தின்னும்?

அந்த ஆண்டு இந்தியா முழுக்க சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று அரசு கணக்குச் சொன்னது. சாவு ஒன்றுகூட இல்லை என்றது. அகமதாபாத் நகரின் இறப்புக் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தால், நோய் பரவிய நாலு மாதத்தில் வழக்கத்தைவிட 2,944 சாவு கூடுதல். சாவையே எண்ணாதவர்கள் வலியை எண்ணுவார்களா?

எண்ணிய இடமும் ஒன்று உண்டு. ரீயூனியன் தீவு. பிரான்சின் ஆட்சியில் இருப்பது. கரும்புத் தோட்டங்களுக்கு நம்ம சனங்களைக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோன தீவு. 2005–06ல் அங்கே மூன்றில் ஒருவருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. இரண்டு வருசம் கழித்து விசாரித்தபோது, நோய் கண்டவர்களில் 100க்கு 43 பேர் மூட்டு வலி, தசை வலி என்றார்கள். நோய் காணாதவர்களில் 17 பேர்தான். ஆக, காய்ச்சல் ஒரு வாரம், வலி வருசக்கணக்கு. 2020க்குப் பிறகு கொரோனா வந்து போனவர்களிடமும் சோர்வும் மூச்சிரைப்பும் இப்படித்தான் மாதக்கணக்கில் தங்கின.

விடியக்காலையில் விரல் மடங்காது, பாதம் ஊன்ற முடியாது. வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். ஆனால் வேலைக்குக் கூப்பிடுவது விடியக்காலையில்தான். ஒருநாள் முடியும், மறுநாள் முடியாது. முடிந்த நாளைப் பார்த்தவர்கள், முடியாத நாளில் ‘சோம்பேறி’ என்கிறார்கள். ஆண்டைகள் காலங்காலமாக நம்மேல் வீசிய சொல் அது. இன்றைக்கு அதை மேஸ்திரி சொல்கிறார். வீட்டு ஆம்பளையும் சொல்கிறார்.

கொசு ஒழிக்க வருகிறவர், தண்ணிப் பாத்திரத்தை மூடலையே என்று நம்ம பொம்பளைகளைத் திட்டுகிறார். ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, தேக்கி வைத்த நல்ல தண்ணியில்தான் பெருகும். உண்மை. ஆனால் குழாயில் தினமும் தண்ணி வந்தால் யார் தேக்கி வைக்கப் போகிறார்கள்? தண்ணி கடைசியாக வந்து சேரும் தெரு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊர்க் கோயிலுக்கு வாதம் தீர வேண்டி வருகிறவர்கள் உண்டு. அதை நான் கேலி பண்ணல. மனுவை வாங்க ஆபீஸ் இல்லாதவர்கள் சாமிகிட்டத்தான் போவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 சட்டத்தில் ஊனம் 7 வகை. 2016 சட்டத்தில் 21 வகை. ஊனமுற்றோர் என்ற சொல்லும் போய் மாற்றுத்திறனாளி என்று வந்துவிட்டது. ஆனால் சலுகை வேண்டுமென்றால் 40 சதவீதம் இருக்க வேண்டும். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று டாக்டர் அன்றைக்கு அளப்பார். நாள் முழுக்கக் குனிந்து நட முடியுமா, அடுத்த நாள் எழுந்திருக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குச் சின்னத் தொந்தரவாக இருக்கும் வலி, நடவுக்காரிக்கு முழு ஊனம். மூட்டு ஒன்றுதான். யாருக்கு நாற்காலி, யாருக்கு வயல் என்று பங்கிட்டது சாதி. அந்தப் பங்கீட்டைக் கணக்கில் எடுக்காத சதவீதம் நமக்கான அளவுகோல் இல்லை.

போராடினால் கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்று 2012ல் தமிழக அரசு ஆணை போட்டது. ஊனமுற்றோர் சங்கங்கள் கேட்டு வாங்கியது அது. ஆனால் அட்டை இருந்தால்தான் அதைக் கேட்க முடிந்தது. வைரஸ் விட்டுப்போன வலிக்கு யார் அட்டை கொடுத்தார்கள்?

மாணவத் தோழர்களிடம் கேட்பது இதுதான். ஒரு நோட்டு போடுங்கள். வீடு வீடாகப் போய், காய்ச்சலுக்குப் பிறகு மாதத்தில் எத்தனை நாள் வேலை போச்சு, மாத்திரைக்கும் ஊசிக்கும் எவ்வளவு கடன் என்று எழுதுங்கள். மருத்துவ முகாமுக்கு அவர்களோடு கூடப் போங்கள். அந்த நோட்டை வைத்துக் கேட்போம்: வேலையிழப்பை வைத்து ஊனத்தை அள, முடிந்த வேலைக்கு முழுக் கூலி கொடு, சேரிக்குத் தினமும் தண்ணி விடு.

இயக்கத்துக்கும் ஒரு வார்த்தை. நடக்கிறவர்களை வைத்தே ஊர்வலம், நிற்கிறவர்களை வைத்தே மறியல் என்றிருந்தால், படுத்துக் கிடக்கிற அக்கா எங்கே போவாள்? அம்பேத்கர் தன் கடைசி ஆண்டுகளில் சர்க்கரை நோயோடும் கால் வலியோடும் இருந்தவர். 1956 அக்டோபர் 14ல் நாகபுரியில் தீட்சை ஏற்றபோதும் உடம்பு சரியில்லைதான். அவர் மன உறுதியை மட்டும் பேசுகிறோம். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட டாக்டர் சவிதாவையும் உதவியாளர் நானக் சந்த் ரட்டுவையும் பேசுவதில்லை. நோயாளி ஒருவர் வேலை செய்ய இன்னொருவர் தோள் வேண்டும். சேரியில் அந்தத் தோளாக இருக்க முடியாத இயக்கம் வேறு எதற்கு?

ஜெய்பீம்.