பட்டப்படிப்பு இன்னும் தேவைதானா?

 



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் மஹல்லாக்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "மூன்று ஆண்டுகள் படித்து என்ன கிடைக்கப்போகிறது? பட்டதாரிகளே வேலையின்றி இருக்கிறார்களே! மகனைப் பயணம் அனுப்பினால் விரைவிலேயே பணம் வருமே!" இப்படிக் கேட்கும் தந்தையைக் குறைகூற இயலாது. அவருக்குக் கடன் இருக்கிறது. கரைசேர்க்க வேண்டிய குமர் இருக்கிறது.

ஆனால் ஹிஜ்ரி 2ஆம் ஆண்டின் மதீனாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். பத்ருப் போர் முடிந்திருந்தது. முஸ்லிம்கள் வறுமையில் இருந்தார்கள். கைதிகளை விடுவிக்க மீட்புத்தொகை பெறலாம். அப்படியிருந்தும், எழுதத் தெரிந்த கைதிகள் மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் அதுவே மீட்புத்தொகை என நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாறு கூறுகிறது. கைக்கு வரவிருந்த பணத்தைவிடப் பிள்ளைகளின் கல்வி பெரிதாகக் கருதப்பட்டது. இன்று மகனின் மூன்றாண்டுச் சம்பளத்தைக் கணக்கிடும் நமக்கு இதில் படிப்பினை இல்லையா?

ரிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ், பட்டம் அல்ல. எனினும் காரணங்களைத் தேடுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். குடிமைப்பணித் தேர்வு எழுதப் பட்டம் கட்டாயம். வளைகுடாவிலும் பொறியாளர், ஆசிரியர் போன்ற பணிகளுக்குத் தூதரகச் சான்றொப்பமிட்ட பட்டத்தைக் கேட்கிறார்கள். 2020இல் கொரோனா காலத்தில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்களில் எத்தனையோ பேர், நாற்பது வயதில் எதைக் காட்டி வேலை கேட்பது என்று கலங்கி நின்றார்களே!

2006இல் அளிக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கையை நினைவுகூருங்கள். நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர் சுமார் 7 விழுக்காடு. முஸ்லிம்களிலோ 4 விழுக்காட்டிற்கும் குறைவு என்றது அது. 2007இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு கிடைத்தது. பட்டதாரிகளுக்கான பணியிடம் ஒதுக்கப்பட்டும், விண்ணப்பிக்க நம்மிடம் பட்டதாரி இல்லையென்றால் அந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்?

அதேவேளை, எல்லாப் பட்டமும் நன்மை தருவதல்ல. மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, வட்டி. பெருந்தொகை நன்கொடை கொடுத்து, வட்டிக் கடனில் பெறும் பட்டத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது? குறைந்த கட்டணத்தில் அரசுக் கலைக்கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சி ஜமால் முகமது கல்லூரியையும் சென்னை புதுக்கல்லூரியையும் 1951இலேயே நம் முன்னோர் நிறுவித் தந்தார்கள்.

இரண்டாவது, பெயரளவுப் படிப்பு. அங்கீகாரமற்ற போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். மாப்பிள்ளைச் சந்தையில் விலையை உயர்த்தவே பட்டம் என்றால், அந்த நிய்யத்தே பழுது.

மூன்றாவது, பிள்ளையின் நாட்டம். கைத்தொழிலில் ஆர்வமுள்ளவனை ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேருங்கள். அது இழிவன்று. தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் கவசம் செய்தவர்கள். தகுதி ஏதுமின்றி அனுப்புவதுதான் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

மகள்களை மறந்துவிடாதீர்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் கி.பி. 859இல் கரவிய்யீன் கல்விக்கூடத்துக்கு அடித்தளமிட்டவர் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்னும் பெண்மணி. தந்தை விட்டுச்சென்ற செல்வத்தை அவர் அதற்கே செலவிட்டார் என்பர். மகளின் திருமணத்திற்குச் சேர்க்கும் பொன்னில் ஒரு பகுதியை அவளது படிப்புக்கு ஒதுக்கக் கூடாதா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியலை எடுக்கட்டும். கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் வழங்கட்டும். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பற்றி நாளை நாம் விசாரிக்கப்படுவோம்.

பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் நம் சந்ததிகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.