பிடித்தால் மட்டும் போதுமா?



கோலாலம்பூரில் துப்பாக்கி வெடித்தால் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு என்ன வந்தது? இப்படிக் கேட்பவர்கள் உண்டு. 1929ஆம் ஆண்டு போ தோட்டம் தொடங்கிய காலம் முதல் இந்த மலையில் கொழுந்து கிள்ளி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? பலர் ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கி, ஈப்போ, கிள்ளான், கோலாலம்பூர் என்று பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். அங்கே நடப்பது ஒரு தொலைபேசி அழைப்பில் மலைக்கு வந்து சேருகிறது.

ஒரே லயத்தில் இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டுப் பையன் நகரத்தில் வெட்டுப்பட்டுச் செத்தான். அடுத்த வீட்டுப் பையனை அதன் தொடர்பில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு தாய், "என் மகனைக் கொன்றது யார்?" என்று கேட்கிறாள். இன்னொரு தாய், "என் மகன் செய்தானா, இல்லையா?" என்று கேட்கிறாள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான். அது நீதிமன்றம்.

இந்த நாட்டில் நெடுங்காலம் வேறொரு வழியும் இருந்தது. 1969ஆம் ஆண்டு மே 13 கலவரத்துக்குப் பின் கொண்டுவரப்பட்ட அவசரகாலச் சட்டத்தின் கீழ், குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் ஒருவரை இரண்டு ஆண்டுகள் வரை தடுத்து வைக்க முடிந்தது. தவணையை நீட்டிக்கவும் முடிந்தது. பலர் ஜொகூரிலுள்ள சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாமில் காலத்தைக் கழித்தார்கள். போலீஸ் படையைச் சீர்செய்ய துன் முகமட் சைடின் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், இச்சட்டத்தை நீக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. 2011ஆம் ஆண்டின் இறுதியில்தான் நாடாளுமன்றம் அதற்கு முடிவு கட்டியது. அடைபட்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள்.

அடுத்து வந்தது 2013. ஜூலை 27ஆம் தேதி நெகிரி செம்பிலானில், குற்றக் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் ஆர். ஸ்ரீ சஞ்சீவன் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து, வங்கி நிறுவனர் ஹுசேன் அகமட் நஜாடி கோலாலம்பூரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு மாதம் பினாங்கில் குண்டர் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஐவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே மாத இறுதியில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,313 பேர். அவர்களில் 28,926 பேர் இந்தியர்கள் என்றது. மக்கள் தொகையில் நூற்றுக்கு ஏழு பேர் அளவே உள்ள சமுதாயம், அந்தப் பட்டியலில் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நின்றது.

"பார்த்தீர்களா, சட்டத்தை எடுத்தார்கள், குண்டர்கள் கூத்தாடுகிறார்கள்" என்றது ஒரு தரப்பு. "நாற்பது ஆண்டுகள் அந்தச் சட்டம் இருந்தும் இத்தனை ஆயிரம் பேர் எப்படி வளர்ந்தார்கள்?" என்று கேட்டது மறுதரப்பு. விவாதம் முடியும் முன்பே 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2014 முதல், வழக்கு விசாரணை இல்லாமலே ஒரு வாரியம் இரண்டு ஆண்டுகள் தடுப்புக் காவலுக்கு உத்தரவிட முடிகிறது. அந்த உத்தரவில் நடைமுறை சரியா என்பதை நீதிமன்றம் பார்க்கலாம். அதற்கு மேல் போக முடியாது.

போலீசின் தரப்பையும் நியாயமாகக் கேட்க வேண்டும். கும்பலின் தலைவன் கத்தியைத் தொடுவதில்லை. கண்ணால் பார்த்தவர் கூண்டில் ஏறத் தயங்குகிறார். அவருக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது. தெரிந்தே விட்டுவிடவா என்று அதிகாரிகள் கேட்பதில் பொருள் இருக்கிறது.

ஆனால் சாட்சி பயப்படுகிறார் என்றால் சாட்சியைக் காப்பாற்ற வேண்டும். அதற்கென்றே 2009ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தலைவன் கத்தியைத் தொடவில்லை என்றால், திட்டமிட்ட குற்றக் கும்பலில் உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்கும் 130வி பிரிவு தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து முதல் இருபது ஆண்டுகள் வரை சிறை.

கடினமான வழக்கும் நிற்கும் என்பதற்குப் பந்திங் கொலைவழக்கே சாட்சி. 2010ஆம் ஆண்டு தொழிலதிபர் டத்தோ சொசிலாவதியும் மற்ற மூவரும் கொல்லப்பட்டு, உடல்கள் எரிக்கப்பட்டு, சாம்பல் ஆற்றில் வீசப்பட்டது. முழு உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆயினும் சூழ்நிலைச் சாட்சியங்களை ஒவ்வொன்றாகக் கோத்து அரசு தரப்பு வழக்கை நடத்தியது. 2013 மே மாதம் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2017இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. "விசாரணை நடத்தினால் குற்றவாளி தப்பிவிடுவான்" என்று ஊரெல்லாம் பேசிய அதே 2013இல் வந்த தீர்ப்பு அது.

வழக்குப் பதிவானாலும் சிக்கல் முடிவதில்லை. 2012ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டத்தில் 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். வழக்கு நடக்கும் காலத்தில், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர், பெண்கள், நோயாளிகள் தவிர மற்றவர்களுக்கு ஜாமீன் இல்லை என்கிறது அதன் 13ஆவது பிரிவு. வழக்கு இழுத்துக்கொண்டே போனால், தீர்ப்புக்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது. 2022 மார்ச் மாதம் அந்த 28 நாள் அதிகாரத்தை நீட்டிக்கும் தீர்மானம் மக்களவையில் 84க்கு 86 என்ற வாக்குகளில் தோற்றது. ஜூலையில் மீண்டும் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. நாட்டின் மனமே இரண்டாகப் பிளந்து நிற்கிறது என்பதற்கு அந்த இரண்டு வாக்குகளே அடையாளம்.

சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. லயத்தில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. பிள்ளை கைதானால் குடும்பத்துக்குத் தெரிவிக்கவும், வழக்கறிஞரைப் பார்க்கவும் அவனுக்கு உரிமை உண்டு. சாதாரணச் சட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கடுமையான குற்றத்துக்கும் விசாரணைக் காவல் மொத்தம் 14 நாள்தான். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்களுக்கு தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பது குண்டர்களுக்குத் துணை போவது ஆகாது.

அதேபோல, கோயில் திருவிழாவில் கும்பலின் எண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டு வரும் பையனைப் பார்த்து, "விளையாட்டுப் பிள்ளை" என்று சிரிப்பதை நிறுத்த வேண்டும். கண்ணால் கண்டதைச் சொல்ல முன்வருபவரை "காட்டிக் கொடுத்தவன்" என்று ஒதுக்குவதையும் நிறுத்த வேண்டும். சாட்சியை ஊரே கைவிட்டால், "சாட்சி இல்லை, அதனால் விசாரணை இல்லாமல் அடைக்கிறோம்" என்பவர்களுக்கு ஊரே வழிவிட்டதாகும்.

அந்த இரண்டு வீடுகளுக்குத் திரும்புவோம். விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டுகள் அடைத்துவிட்டு ஒருநாள் திறந்துவிட்டால், மகனை இழந்த தாய்க்குக் கொலைகாரன் யார் என்று கடைசிவரை தெரியாது. திரும்பி வந்தவன் குற்றவாளி என்றால் தண்டனை இல்லாமல் நடமாடுகிறான். நிரபராதி என்றால் வாழ்நாள் முழுவதும் பழியோடு நடமாடுகிறான். இரு தாய்மாரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு, திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட ஒரு தீர்ப்பு தேவைப்படுகிறது.

பிடியுங்கள், பிடித்தவரை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். இந்த மலையிலிருந்து எழ வேண்டிய குரல் இதுதான்.