கண்ணுக்குத் தெரியாத சாட்சி



ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் மோட்டார் வண்டி ஒவ்வொன்றின் அடிச்சட்டத்திலும் ஓர் எண் பொறித்திருக்கக் காணலாம். வண்டி களவுபோய், அதன் வர்ணத்தை மாற்றிவிட்டாலும், அவ்வெண் உண்மையைச் சொல்லிவிடும். திரைப்படத்திற்கு என் செய்வது? திரையில் எண்ணைப் பெரிதாக எழுதினால் காட்சி கெட்டுவிடும் அன்றோ?

காகிதம் செய்தோர் இதற்கு வழிகாட்டினர். 13ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரத்தார், வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் புலனாகும் நீர்க்குறியைக் காகிதத்தில் இட்டனர். நமது ரூபாய் நோட்டில் காந்தியடிகளின் உருவம் மறைந்து தோன்றுவதும் அவ்வகையே.

இன்று திரைப்படம் பூட்டிட்ட எண்தொகுப்பாகவே திரையரங்கை அடைகிறது. அரங்கின் கருவி அப்பூட்டைத் திறந்து படத்தைக் காட்டும்போதே, ஒளியிலும் ஒலியிலும் நம் புலன்கள் உணராத நுண்ணிய மாற்றங்களைச் செய்துவிடுகிறது. உலகத் திரையரங்குகள் பின்பற்றும் விதிப்படி இக்குறி 35 இரும இலக்கங்கள் கொண்டது. அவற்றுள் 19 இடத்தையும், 16 காலத்தையும் உரைக்கும். 16 இலக்கங்களால் 65,536 எண்களைக் குறிக்கலாம். ஓராண்டிலுள்ள கால்மணி நேரங்களோ 35,040 தாம். ஆகவே, எந்த அரங்கில், எந்த நாளில், எந்தக் கால்மணியில் என்பது தெரிந்துவிடும். கைப்பேசியில் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பவன் இக்குறியையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறான்!

2018ஆம் ஆண்டில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், இவ்வாறு கண்டறியப்பட்ட சில அரங்குகளுக்குப் புதுப்படம் தருவதில்லை என அறிவித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ, இக்குற்றத்திற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். குறி அரங்கைக் காட்டும், நேரத்தைக் காட்டும், ஆனால் குற்றம் புரிந்த கையைக் காட்டாது. அரங்கத்தார் உடந்தையாக இருந்தனரா, அன்றி இருளில் ஒருவன் அவர்களையும் ஏமாற்றினானா? இதனை எந்தக் கருவியும் சொல்லாது. மனிதர் பொறுமையாக விசாரித்தே அறிதல் வேண்டும். கள்வன் தப்புவது தீது. குற்றமற்றவன் தண்டனை பெறுவது அதனினும் தீது.

மேலும், குறி களவைத் தடுப்பதன்று. களவு நடந்தபின் பேசும் சாட்சியே. திருட்டுப் படத்தைக் காண ஆள் இருக்கும்வரை திருடுவோனும் இருப்பான். விளக்குப் பிடிப்பவர், தச்சர், தையற்காரர் எனப் பலருடைய உழைப்பு ஒரு படத்துள் அடங்கியிருக்கிறது. அதனை இலவசமாகக் காட்டுகிறேன் என்று ஒருவன் அழைக்கும்போது, "வேண்டாம்" என்று மறுக்கும் உள்ளமே முதற்காவல்.